நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம்: பாதுஷா கான் அவர்களின் வாழ்வு

 

வரவு செலவுக் கணக்கும், மக்தபில் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளின் பட்டியலும், சந்தா பாக்கி விவரமும் இடம்பெறும் இவ்வாண்டறிக்கை மலரில் சான்றோர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தருவது நமக்கு வழமையாகிவிட்ட பணியாகும். முந்தைய மலர்களில் ஸஹாபாப் பெருமக்களைப் பற்றியும் இமாம்களைப் பற்றியும் எழுதினோம். இவ்வாண்டு அரசியலில் வாழ்ந்து சிறையில் முதுமையடைந்த ஒருவரைத் தேர்ந்திருக்கிறோம். இதைக் கேட்டதும் முத்தவல்லி அவர்கள் சற்றே தயங்கினார்கள். ஆகவே காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம் முஹல்லாவில் உடன்பிறந்தார் இருவர் உள்ளனர். இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். மழைநீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்று தொடங்கிய பேச்சு, பேச்சே இல்லாத நிலைக்கு வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. இருவரும் ஐவேளையும் ஜமாஅத்துடன் தொழுபவர்கள். முதல் ஸஃப்பின் வலக்கோடியில் அண்ணன் நிற்கிறார். இடக்கோடியில் தம்பி நிற்கிறார். தொழுகையின் முடிவில் அண்ணன் இடப்புறம் முகம் திருப்பிக் கொடுக்கும் ஸலாம் தம்பிக்கும் சேர்த்தே போகிறது. தம்பி வலப்புறம் திரும்பிக் கொடுப்பது அண்ணனையும் சேர்த்தே அடைகிறது. ஆனால் வாசலில் செருப்பணியும் இடத்திற்கு வந்ததும் அதே ஸலாம் இருவர் நாவிலும் எழுவதில்லை. நாம் ஒருமுறை ஆளனுப்பி அழைத்தோம். இருவரும் வரவில்லை. ரமளான் வேலைகள் நெருங்கிவிட்டன என்று நமக்கு நாமே காரணம் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டோம். மூன்று நாட்களுக்கு மேல் ஒருவருக்கொருவர் முகம் திருப்பியிருத்தல் ஆகாது என்னும் சட்டத்தை மிம்பரில் நின்று எடுத்துரைக்கும் நாம், ஏழு மாதங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். அது நம் குறை. (அவர்கள் யாரென்று எவரும் ஆராய வேண்டா. இருவரிடமும் இசைவு பெற்றே எழுதுகிறோம். தவறு மற்றவர் பக்கம் என்பது படிப்போர்க்குத் தெளிவாகிவிடும் என்ற நம்பிக்கையில் இருவரும் உடனே இசைந்தார்கள்.)

ஒரு சுவர், ஒரு வாய்க்கால், இதற்கு இத்தனை கவலையா என்று கேட்போர் உண்டு. சிறிய தகராறு சிறியதாகவே நின்றுவிடும் என்று எண்ணுவது நம் மாவட்டத்தார்க்கு அழகன்று. 1978-ஆம் ஆண்டு ஜூலையில் விழுப்புரம் நகரின் கடைத்தெருவில் எழுந்த ஒரு தகராறு சாதிக் கலவரமாக மூண்டு, தலித் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். நாம் பிறப்பதற்கு முன் நடந்த கொடுமை அது. மணிலா மண்டியிலும் கடைகளிலும் அந்நாட்களில் இருந்த பெரியவர்கள் அதைப் பற்றி இன்றும் குரலைத் தாழ்த்தியே பேசுகிறார்கள். ஊர்களில் அமைதிக்குழு என்று ஒன்று கூடுவது பெரும்பாலும் அடக்கமும் தகனமும் முடிந்த பிறகுதான். வெள்ளம் வடிந்தபின் கரை கட்டும் வேலை அது.

இதை நேர்மாறாகச் செய்து காட்டிய ஒருவர் இருந்தார்கள். அமைதி என்பதை என்றோ வரப்போகும் ஒரு நாளுக்குரியதாக எண்ணாமல், தொழுகையைப் போல நேரம் குறித்து அன்றாடம் நிறைவேற்ற வேண்டிய கடமையாக வகுத்து, பழிவாங்குவதையே மானமாகக் கருதிய ஒரு கூட்டத்தாரிடம் அதை ஒப்படைத்தார்கள். அன்னார்தாம் கான் அப்துல் கஃபார் கான். நம் தமிழகத்தில் எல்லை காந்தி என்றும், அவர்தம் சொந்த மக்களிடையே பாதுஷா கான் என்றும் அறியப்பட்டவர்கள்.

அன்னார் 1890-ஆம் ஆண்டு பெஷாவர் பகுதியில் சார்சத்தாவை அடுத்த உத்மன்ஸாய் என்னும் சிற்றூரில் பிறந்தார்கள். தந்தை பெஹ்ராம் கான் பெரும் நிலக்கிழார். பஷ்தூன் மக்களின் வழக்கத்தைச் சற்றே சொன்னால்தான் அத்தந்தையின் சிறப்பு விளங்கும். அங்கே பதல் என்றொரு சட்டம் உண்டு. பழிக்குப் பழி என்பது அதன் பொருள். தாத்தா காலத்தில் சிந்திய இரத்தத்திற்குப் பேரன் கணக்குத் தீர்க்க வேண்டும். தீர்க்காதவன் ஆண்மகன் ஆகமாட்டான். இதில் வியப்பு யாதெனில், பெரிய தந்தையின் மகனைக் குறிக்கும் தர்பூர் என்னும் சொல்லே அவர்கள் மொழியில் போட்டியாளன், பகைவன் என்னும் பொருளையும் தாங்கி நிற்கிறது. நிலமும் தண்ணீரும் பங்காளிகளுக்கிடையேதானே பிரிகின்றன! திண்டிவனத்து வயற்காடுகளில் வரப்புத் தகராறு கண்டவர்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. அத்தகைய மண்ணில், தம் பகைவர் அனைவரையும் மன்னித்துவிட்டவர் என்று பெயர் பெற்றவர் பெஹ்ராம் கான். மகனுக்கு நிலத்தை விடப் பெரிய சொத்தாக அவர் விட்டுச் சென்றது அதுவே என்பது நம் கருத்து.

பெஷாவர் மிஷன் பள்ளியில் படித்து முடித்த இளைஞருக்கு ஆங்கிலேயரின் கைட்ஸ் படையில் அதிகாரிப் பதவி கிடைக்கவிருந்தது. அப்படையில் இருந்த பஷ்தூன் அதிகாரி ஒருவரைத் தரத்தில் தாழ்ந்த வெள்ளையர் ஒருவர் இழிவுபடுத்தியதைக் கண்ணால் கண்டபின் அப்பதவியை வேண்டாமென்று உதறினார்கள். சிலகாலம் அலிகரில் பயின்றார்கள். அண்ணன் மருத்துவம் பயில இங்கிலாந்து சென்றிருந்தார். இவரையும் அனுப்பத் தந்தை விரும்பினார். தாயார் மனம் ஒப்பவில்லை. தாயின் கண்ணீரைத் தாண்டிக் கப்பலேற இவருக்கும் மனம் வரவில்லை. ஊரிலேயே தங்கினார்கள்.

தங்கியவர் சும்மா இருக்கவில்லை. 1910-இல், துரங்ஸாய் ஹாஜி ஸாஹிப் என்னும் பெரியவரின் துணையோடு தம் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். அப்போது வயது இருபது. தேவ்பந்த் சென்று ஷைகுல் ஹிந்த் மஹ்மூதுல் ஹஸன் அவர்களின் தொடர்பையும் பெற்றார்கள். மதரஸாவில் ஓதிய நம்மைப் போன்றோர்க்கு இச்செய்தி பெருமை தருவது. ஆனால் அதே இடத்தில் கசப்பான மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்பள்ளிகளை எதிர்த்தவர் ஆங்கிலேயர் மட்டுமல்லர். ஊர் முல்லாக்கள் பலரும் எதிர்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் படிப்பவன் காசுக்காகப் படிக்கிறான், அவனுக்குச் சுவனத்தில் இடமில்லை என்று பிள்ளைகளுக்குப் பாட்டாகவே சொல்லிக்கொடுத்தார்கள். உலமாக்களின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் நாம் இதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் தலைகுனிந்து இருந்தோம்.

1915-க்குப் பிறகு மூன்றாண்டுகளில் அன்னார் ஏறக்குறைய 500 கிராமங்களுக்குச் சென்றார்கள் என்பர். ஊர் ஊராகச் சென்று பகையை விடுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்பதே பேச்சு. அக்காலத்தில்தான் மக்கள் பாதுஷா கான் என்று அழைக்கத் தொடங்கினார்கள். அரசர் என்ற பெயரை அவர் விரும்பியவரல்லர், மக்கள் விட்டபாடில்லை. 1918-இல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சலில் மனைவியை இழந்தார்கள். பின்னர் மணந்த இரண்டாம் மனைவி, 1926-இல் ஹஜ் பயணத்தின்போது பைத்துல் முகத்தஸில் மாடிப்படியிலிருந்து விழுந்து மரணமடைந்தார். அதன்பின் அவர் மணமுடிக்கவேயில்லை. அப்போது வயது முப்பத்தாறு.

இதற்கிடையே 1921-இல் பஷ்தூன் சீர்திருத்தச் சங்கத்தையும் ஆஸாத் பள்ளியையும் நிறுவினார்கள். அதற்குப் பரிசாக மூன்றாண்டுக் கடுங்காவல். கை கால்களில் விலங்கு, தனிக்கொட்டடி, நாளொன்றுக்கு 20 சேர் தானியம் திரிகையில் அரைக்க வேண்டும் என்ற கட்டளை. பெருநிலக்கிழாரின் மகன் திரிகை சுற்றினார். 1924-இல் வெளியே வந்தபோது உடல் மெலிந்திருந்தது. மக்கள் கூட்டம் பெருகியிருந்தது.

இனி நாம் எழுத வந்த செய்திக்கு வருகிறோம். 1929-இல் அன்னார் குதாயீ கித்மத்கார், அதாவது இறைவனின் பணியாளர்கள் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார்கள். இறைவனுக்கு எவருடைய பணியும் தேவையில்லை. அவன் படைப்புகளுக்குச் செய்வதே அவனுக்குச் செய்யும் கித்மத் என்பது அதன் அடிப்படை. சேருகிறவர் ஒவ்வொருவரும் உறுதிமொழி எடுக்க வேண்டும். வன்முறையையும் பழிவாங்குவதையும் விட்டொழிப்பது, தம்மை ஒடுக்கியவரையும் கொடுமை செய்தவரையும் மன்னிப்பது, சண்டை சச்சரவுகளிலும் பகை வளர்ப்பதிலும் பங்குகொள்ளாதிருப்பது, ஒவ்வொரு பஷ்தூனையும் உடன்பிறந்தவராகவும் நண்பராகவும் நடத்துவது, எளிய வாழ்வு வாழ்வது, பணிக்குக் கைம்மாறு எதிர்பாராதிருப்பது ஆகியவை அதில் அடங்கும். இவ்வளவும் பல அமைப்புகளின் சட்டத்திட்டங்களில் காணக்கூடியவைதாம். நம் ஜமாஅத்தின் நிர்வாக விதிகளிலும் முதல் பக்கத்தில் இவற்றுக்கு நிகரானவை உள்ளன. ஆனால் அவ்வுறுதிமொழியில் ஒரு வரி நம்மைப் பிடித்து நிறுத்தியது. நாள்தோறும் குறைந்தது இரண்டு மணி நேரம் மக்கள் பணிக்குக் கொடுப்பேன் என்பதே அது.

நன்றாகக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை மாநாடு அன்று. கலவரம் வந்தால் ஓடிவருகிறேன் என்பதும் அன்று. இன்றைக்கு இரண்டு மணி நேரம். நாளைக்கும் இரண்டு மணி நேரம். என்ன செய்தார்கள்? தெருவைக் கூட்டினார்கள். ராட்டை சுற்றினார்கள். தானியம் அரைத்தார்கள். ஊர்த் துப்புரவு செய்தார்கள். முகாம்களில் நிலக்கிழாரும் குத்தகைக்காரரும் ஒரே வேலையைச் செய்தார்கள். நேற்றுவரை ஒருவர் தலையை ஒருவர் தேடிய குடும்பத்தார் ஒரே தெருவை இருமுனையிலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது நடுவில் சந்தித்தே ஆக வேண்டும் அல்லவா? மன்னித்துவிடு என்று அறிவுரை சொல்லி மன்னிக்க வைப்பது அரிது. கையில் துடைப்பத்தைக் கொடுத்து அடுத்தவன் வாசலைக் கூட்டச் செய்தால், சொல்ல வேண்டிய அறிவுரை பாதி குறைந்துவிடுகிறது. இது நம் ஊகம். ஆயினும் ஐவேளை மக்களை வரிசையில் நிறுத்திப் பார்த்த அனுபவத்தில் எழுந்த ஊகம்.

அவர்களின் உடை பற்றியும் ஒரு செய்தி. வெள்ளைச் சட்டை விரைவில் அழுக்கானதால், தோல் பதனிடும் இடத்தில் கிடைத்த சாயத்தில் தோய்த்துச் செங்கல் நிறமாக்கினார்கள். எளிதில் கிடைத்தது அது என்பதன்றி வேறு காரணமில்லை. ஆங்கிலேயரோ சிவப்பைக் கண்டு, ருஷ்யாவிலிருந்து வந்த பொதுவுடைமைக் கலகம் என்று பரப்பினார்கள். செஞ்சட்டையினர் என்ற பெயர் அவ்வாறு நிலைத்தது.

ஆயுதமின்றிப் பொறுத்தல் கோழைத்தனம் அல்லவா, அது மார்க்கத்திற்கு ஒத்ததா என்று அன்னாரிடமே பலர் கேட்டதுண்டு. இது புதிய ஆயுதமன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மக்காவில் துன்பங்களைத் தாங்கியபோது கைக்கொண்ட பொறுமையே இது. நம் மக்கள் மறந்துவிட்டதை நினைவூட்டுகிறேன் என்பதே அன்னார் கூறிவந்த விளக்கத்தின் கருத்து. மக்கா வாழ்வின் 13 ஆண்டுகளை நாம் மீலாது மேடைகளில் சில நிமிடங்களில் கடந்து சென்றுவிடுகிறோம். பாதுஷா கான் அவர்கள் அங்கேயே தங்கி நின்று ஓர் இயக்கத்தைக் கட்டினார்கள். காந்தியடிகளிடமிருந்து மட்டுமே அன்னார் அஹிம்சையைக் கற்றார் என்று எழுதுவோர் இதனைக் கவனிப்பதில்லை.

சோதனை விரைந்து வந்தது. 1930 ஏப்ரல். நம் தமிழகத்தில் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து 13-ஆம் தேதி புறப்பட்ட உப்பு யாத்திரை வேதாரணியத்தை நோக்கி நடந்துகொண்டிருந்த அதே நாட்கள். 23-ஆம் தேதி பாதுஷா கான் அவர்கள் கைதானார்கள். பெஷாவரின் கிஸ்ஸா குவானி கடைவீதியில் திரண்ட ஆயுதமற்ற மக்கள்மீது படையினர் சுட்டார்கள். முன்வரிசை விழுந்ததும் பின்வரிசை முன்வந்து நின்றதாகக் கண்டவர் கூறினர். பழிவாங்குதலே மானம் என்று வாழ்ந்த அதே பஷ்தூன்கள்! அரசு சொன்ன கணக்கு முப்பதையொட்டி நின்றது. மக்கள் சொன்ன கணக்கு இருநூறைத் தாண்டியது. அந்நாட்களில் கர்வால் ரைஃபிள்ஸ் படையின் இரண்டு பிரிவினர், சந்திர சிங் கர்வாலி என்பவரைத் தலைவராகக் கொண்டு, ஆயுதமற்றவர்களைச் சுடமாட்டோம் என்று மறுத்தார்கள். அவர்கள் இந்துக்கள், எதிரே நின்றவர்கள் முஸ்லிம்கள். இராணுவ நீதிமன்றம் அவர்களுக்குக் கொடுந்தண்டனை விதித்தது. சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை. இந்தப் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பாடநூலில் இரண்டு வரிக்கு மேல் அவரைக் காண்பதில்லை.

அதன்பின் செஞ்சட்டையினரை ஊர்தோறும் பிடித்து, சட்டையைக் கழற்றும்படி அடித்து வதைத்தார்கள். இயக்கம் அழிந்துவிடும் என்று எண்ணினார்கள். நேர்மாறாக அது வளர்ந்தது. தொண்டர் தொகை ஓர் இலட்சத்தைத் தொட்டதாகச் சொல்லப்படுகிறது. பாதுஷா கான் அவர்களோ பஞ்சாபின் குஜராத் சிறையில் இருந்தார்கள். (குஜராத் மாநிலமன்று, பஞ்சாபில் அப்பெயருடைய ஊர் ஒன்றுண்டு.) அங்கே உடனிருந்த இந்து, சீக்கியக் கைதிகளோடு சேர்ந்து கீதையையும் குரு கிரந்தத்தையும் படித்தார்கள், அவர்கள் குர்ஆனைப் படித்தார்கள். தம் தொழுகையையும் நோன்பையும் ஒருநாளும் விடாத ஒருவர், அண்டை வீட்டாரின் நூலில் என்ன இருக்கிறது என்று அறிந்துகொள்ள அஞ்சவில்லை.

பிறகு விடுதலை, மீண்டும் சிறை, மாகாணத்துக்குள் நுழையத் தடை, வார்தாவில் காந்தியடிகளுடன் வாசம் என்று ஆண்டுகள் ஓடின. 1934-இல் காங்கிரஸ் தலைமைப் பதவி தேடி வந்தபோது, தாம் வெறும் பணியாள் என்று மறுத்தார்கள். 1940-இல் காங்கிரஸ் காரியக் கமிட்டி நிபந்தனையுடன் போருக்கு உதவ முன்வந்தபோது அதிலிருந்து விலகினார்கள். கொள்கையில் காங்கிரஸைவிடக் காங்கிரஸ்காரராக இருந்தவர் என்று சொல்லலாம்.

1946-இன் இறுதியில் பீகாரில் ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1947 மார்ச்சில் காந்தியடிகளுடன் பாதுஷா கான் அவர்கள் அக்கிராமங்களுக்குச் சென்றார்கள். எரிந்த வீடுகளுக்குள் நடந்தார்கள். ஓடிப்போன முஸ்லிம்கள் திரும்பி வர வேண்டும், அவர்களை இந்துக்கள் அழைத்து ஏற்க வேண்டும் என்பதே இருவரும் வீடு வீடாகச் சொன்னது. ஆறடிக்கு மேல் உயரமான அந்தப் பட்டாணியர், பழிவாங்கும் மரபில் வந்தவர், தம் மார்க்கத்தவரின் இரத்தம் சிந்திய முற்றங்களில் நின்று பழி வேண்டாம் என்று சொல்ல என்ன பாடுபட்டிருப்பார் என்பதை எண்ணிப் பார்க்கிறோம். கிஸ்ஸா குவானியைவிடக் கடினமான நாட்கள் அவை என்பது நம் எண்ணம். துப்பாக்கிக்கு முன் நிற்பது ஒரு பொழுது. இறந்தவரின் உறவினர் முன் நிற்பது மற்றொன்று.

அன்னாரின் வாழ்வில் தோல்வியே இல்லை என்று எழுதினால் அது பொய்யாகும். 1947 ஜூனில் பிரிவினையைக் காங்கிரஸ் ஏற்றுக்கொண்டபோது, தம்மையும் தம் மக்களையும் கைவிட்டுவிட்டதாக அவர் நெஞ்சு நொந்தார்கள். அதே ஆண்டில் மகன் கனி கான், செஞ்சட்டையினரைக் காப்பதற்கென்று ஆயுதம் தாங்கிய இளைஞர் அணி ஒன்றைத் தொடங்கினார். தந்தை ஊர் ஊராகக் கற்பித்ததை வீட்டிலேயே ஒருவர் போதாது என்று எண்ணியிருக்கிறார். பிள்ளை பெற்றோர் இதைப் படித்து ஆறுதல் கொள்ளலாம். பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது.

பாகிஸ்தான் பிறந்தபின் 1948-இன் தொடக்கத்தில் கராச்சியில் அந்நாட்டு அரசியல் நிர்ணய சபையில் விசுவாசப் பிரமாணம் எடுத்தார்கள். ஆயினும் ஜூன் மாதமே கைதானார்கள். ஆகஸ்ட் 12 அன்று சார்சத்தாவின் பாப்ரா என்னுமிடத்தில், இக்கைதுகளை எதிர்த்துக் கூடிய தொண்டர்கள்மீது அரசு சுட்டது. பல நூற்றுவர் இறந்ததாகத் தொண்டர் தரப்பினர் கூறினர். அரசு சிலரே என்றது. வெள்ளையர் சுட்டதை உலகம் அறிந்தது. கலிமா சொன்னவர் கலிமா சொன்னவரைச் சுட்டதைப் பலர் பேசவும் விரும்புவதில்லை. அமைதியைக் குலைப்பவர் எப்போதும் அயலார்தாம் என்று நினைக்க நமக்கு ஆசை. பாப்ராவின் மண் அவ்வாறு நினைக்க விடுவதில்லை. நம் முஹல்லாவின் ஒற்றைச் சுவரும் விடுவதில்லை.

1954 வரை சிறை. வெளிவந்ததும் மேற்குப் பாகிஸ்தானை ஒரே மாகாணமாக்கும் திட்டத்தை எதிர்த்தார்கள். அதே திட்டத்தில் அண்ணன் டாக்டர் கான் சாஹிப் முதலமைச்சராக அமர்ந்தார். உடன்பிறந்தார் அரசியலில் எதிரெதிரே நின்றார்கள். 1958-இல் லாகூரில் அண்ணன் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். தம்பிக்கு மீண்டும் சிறை. 1962-இல் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு அவ்வாண்டின் கைதியாக அன்னாரைத் தேர்ந்து அறிவித்தது. 1964-இல் உடல் நலிந்த நிலையில் விடுதலையாகி, மருத்துவத்துக்குப் பின் ஆஃப்கானிஸ்தானின் ஜலாலாபாதில் தங்கினார்கள். வாழ்நாளில் கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சிறையில் கழிந்தது; இரு அரசுகளின் சிறைகளிலும்.

1969-இல் காந்தியடிகளின் நூற்றாண்டு விழாவுக்காக, இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் இந்தியாவுக்கு வந்தார்கள். தில்லி விமான நிலையத்தில் பிரதமர் இந்திரா காந்தியும் ஜெயப்பிரகாஷ் நாராயணும் வரவேற்க நின்றார்கள். எண்பதை நெருங்கிய முதியவரின் கையில் இருந்தது ஒரு சிறு துணி மூட்டை. பிரதமர் அதை வாங்கிக்கொள்ளக் கை நீட்டியும் கொடுக்கவில்லை. தம் சுமையைத் தாமே சுமந்தார்கள். இதைப் படிக்கையில் நம் மண்ணின் மைந்தர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்து, 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்து, பதவி போனபின் வடலூர் சென்று எளிமையாக வாழ்ந்த இராமசாமி ரெட்டியார் அவர்கள். அத்தலைமுறையினருக்குப் பதவியும் மூட்டையும் ஒன்றே போலும்.

அவர் வந்தது பாராட்டு விழாவுக்கு. ஆனால் அதற்குச் சில நாட்கள் முன்பு, செப்டம்பரில், அஹமதாபாதில் பெருங்கலவரம் நடந்து முடிந்திருந்தது. மாலைகளை ஏற்றுக்கொண்டு அமர அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. அக்டோபர் தொடக்கத்திலேயே மூன்று நாள் உண்ணாநோன்பு இருந்தார்கள். கலவரம் நடந்த ஊர்களுக்குச் சென்றார்கள். நவம்பரில் நாடாளுமன்றத்தில் உரையாற்றியபோது, புத்தரை மறந்ததைப் போலவே காந்தியையும் மறந்துவருகிறீர்கள் என்னும் பொருள்பட விருந்தளித்தோரையே கடிந்தார்கள். விருந்துக்கு அழைத்தவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்! ஆயினும் எவரும் அவரைக் கோபிக்கவில்லை. கோபிக்கும் தகுதி எவருக்கும் இல்லை.

1972-இல் ஊர் திரும்பினார்கள். அதன் பின்னரும் காவலும் கைதும் தொடர்ந்தன. 1987-இல் இந்திய அரசு பாரத ரத்னா விருதளித்தது. இந்தியக் குடிமகன் அல்லாத ஒருவருக்கு அவ்விருது வழங்கப்பட்டது அதுவே முதன்முறை. (அடுத்த ஆண்டு அது நம் எம்.ஜி.ஆர். அவர்களுக்கு, மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.) 1988 ஜனவரி 20 அன்று பெஷாவரில் அன்னாரின் உயிர் பிரிந்தது. வயது தொண்ணூற்றெட்டை நெருங்கியிருந்தது. அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, கப்ரை விசாலமாக்குவானாக. பிரதமர் ராஜீவ் காந்தி பெஷாவர் சென்று இறுதி மரியாதை செலுத்தினார். அன்னாரின் விருப்பப்படி ஜலாலாபாதில் அடக்கம் செய்ய, பல்லாயிரவர் கைபர் கணவாயைக் கடந்து ஜனாஸாவுடன் சென்றார்கள். ஆஃப்கானிஸ்தானில் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அடக்க நிகழ்ச்சிக்கு வந்தோர் கூடிய இடத்தில் குண்டுகள் வெடித்துப் பதினைந்து பேர் இறந்தார்கள். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தோம். விட மனம் வரவில்லை.

இம்மலர் அச்சுக்குப் போகும் இந்நாளில், முதலில் சொன்ன இரு சகோதரர்களின் செய்தியையும் தெரிவித்துவிடுகிறோம். ஆளனுப்பி அழைப்பதை நிறுத்திவிட்டு, அஸருக்குப் பின் நாமே சென்றுவரத் தொடங்கியிருக்கிறோம். அண்ணன் வீட்டுக்கு நான்கு முறையும் தம்பி வீட்டுக்கு மூன்று முறையும் போனோம். இரண்டு வீட்டிலும் தேநீர் தந்தார்கள். வாய்க்காலைப் பற்றி இன்னும் ஒரு சொல்லும் எடுக்கவில்லை. சென்ற வியாழனன்று தம்பி வீட்டிலிருந்து நாம் எழுந்தபோது, அண்ணனுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று தம்பி கேட்டார். நம்மைப் பார்த்துத்தான் கேட்டார். நாளை அஸருக்குப் பின் அண்ணன் வீட்டு முறை.

வஸ்ஸலாம்.